பிடியரிசிப் பள்ளியில் பயின்றவர்

பெருந்தலைவர் காமராசரைப் படிக்காத மேதை என்று போற்றுவது நம்மிடையே வழக்கம். அவ்வடைமொழியில் பெருமிதம் உண்டு. ஒரு சிறுவன் இழந்த கல்வி அதனுள் மறைந்துபோவதும் உண்டு.

1903 சூலை 15 அன்று விருதுப்பட்டியில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். குடும்பச் சுமை அன்னை சிவகாமி அம்மையாரின் தோளில் விழுந்தது. அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையோ, வீடுதோறும் திரட்டிய பிடியரிசியின் துணையால் நடந்த இலவசப் பள்ளி. கட்டணம் கேளாத அப்பள்ளியிலிருந்தே அவர் இடைநின்றார் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பள்ளி அவரைத் தள்ளவில்லை. வீட்டின் வறுமையே இழுத்துக்கொண்டது. இளம்பருவத்திலேயே தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். அதன்பின் விடுதலை இயக்கம், சிறைவாசம், கட்சித் தலைமை என அவர் வாழ்வு விரிந்ததை யாவரும் அறிவர்.

1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சரானார். பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்று 1953இல் வகுக்கப்பட்டிருந்த திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. பள்ளியில்லாச் சிற்றூர்களில் பள்ளிகள் எழுந்தன. ஆயினும் பசித்த பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியும் தொலைவே. மாடு மேய்த்தால் ஒருவேளைக் கஞ்சி கிட்டும். பாடம் கேட்டால் என்ன கிட்டும்? ஏழைத் தாயின் இக்கணக்கை அறியாமை என்று அவர் இகழவில்லை. தம் வீட்டிலேயே கண்ட கணக்கன்றோ அது! 1956இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. செலவில் ஒரு பகுதியை அரசும் எஞ்சியதை ஊராரும் ஏற்றனர். விருதுப்பட்டியின் பிடியரிசி நாடளவில் விரிந்தது எனின் மிகையன்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்ட, மக்கள் பலகை, மணி, குடிநீர்ப் பானை, சீருடை என வழங்கினர். கிழிந்த ஆடைக்கு நாணி வீட்டில் ஒளிந்த பிள்ளைக்குச் சீருடை சிறு கொடையன்று.

குறையும் கூறவேண்டும். தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து வீட்டில் நின்ற மூத்த பெண்பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு முழு விடையாகவில்லை. தொடக்கக் கல்வி முடிந்தபின் பசியாற்றவும் அந்நாளில் வழியில்லை.

1963 அக்டோபர் 2 அன்று அவர் பதவி துறந்தார்; 1975இல் அதே நாளில் மறைந்தார். அதற்குப் பின்னும் பல்லாண்டுகள், விருதுநகரை அடுத்த சிவகாசி வட்டாரத்தில், பொழுது புலருமுன் சிற்றூர்த் தெருக்களில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் வந்து நின்றன. தூக்கம் கலையாத பிள்ளைகள் கையில் தூக்குச் சட்டியுடன் ஏறினர்.