தோல்வியில் பாடம் படித்த ஹைதர் அலி

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



தறி ஓடும் ஊரில் வாழும் நமக்கு ஒரு விஷயத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நெய்யும்போது இழை அறும். எவ்வளவு கைதேர்ந்தவர் உட்கார்ந்த தறியிலும் அறும். அறுந்ததும் அவர் தறியை நிறுத்துகிறார். அறுந்தது எந்த இழை என்று தேடுகிறார். பிணைக்கிறார். பிறகு நெய்கிறார். அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால், சேலையில் அந்தக் குறை கூடவே ஓடும். அறுந்துவிட்டதே என்று மனம் உடைந்து எழுந்து போனால், சேலையே கிடையாது.

வாழ்க்கையில் வரும் தோல்வியும் அப்படித்தான். இன்றைய ஜும்ஆவில் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம். நாம் எல்லோரும் பெயர் அறிந்தவர், மைசூரை ஆண்ட ஹைதர் அலி. அவருடைய வெற்றிகளைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். இன்று அவருடைய தோல்விகளைப் படிப்போம். அவற்றில் சில நம் மாவட்டத்து மண்ணிலேயே நடந்தவை. ஒன்று நம் ஆரணியிலேயே நடந்தது.

தந்தையை இழந்த பிள்ளை

1720-ஆம் ஆண்டை ஒட்டி, கோலார் பக்கத்தில் உள்ள புதிக்கோட்டையில் ஹைதர் பிறந்தார். தந்தை ஃபத்தஹ் முஹம்மது சீரா நவாபின் படையில் பணி செய்தவர். ஹைதர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் போரில் இறந்துபோனார். மிஞ்சியது வறுமைதான். பணம் கேட்டு அந்தச் சின்னப் பிள்ளைகளையே துன்புறுத்தினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்லுகின்றன.

ஹைதர் எழுதப் படிக்கக் கற்கவில்லை. பேரரசர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்திய காலத்திலும் அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் குறையை அவர் மறைத்துக்கொண்டு திரியவில்லை. படித்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கணக்குகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார். அவருடைய நினைவாற்றலைக் கண்டு அந்நியர்களே வியந்திருக்கிறார்கள்.

1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் அவர் காட்டிய வீரம் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டது. 1755-இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தார் ஆனார். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதச்சாலை அமைத்தார். ஏறுமுகம்தான். ஐந்தே ஆண்டில் விழுந்தார்.

ஒரே இரவில் எல்லாம் போனது

1760 ஆகஸ்ட் மாதம். ஹைதர் தம் படையில் பெரும்பகுதியைப் புதுச்சேரிக்கு, பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாக அனுப்பியிருந்தார். அவரே வளர்த்துவிட்ட காண்டே ராவ், மராட்டியரின் துணையோடு அவருக்கு எதிராகத் திரும்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பீரங்கிகள் ஹைதரை நோக்கித் திரும்பின. இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து, சில குதிரை வீரர்களோடு பெங்களூருக்கு ஓடினார். மனைவி மக்களைக் கூட அழைத்துப் போக முடியவில்லை. சிறுவன் திப்புவும் எதிரியின் கையில் இருந்தார்.

படையைத் திரட்டிக்கொண்டு மீண்டும் மோதினார். நஞ்சன்கூடு பக்கத்தில் மறுபடியும் தோற்றார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் அவர் செய்ததைக் கவனியுங்கள். தம்மை முதலில் உயர்த்திய நஞ்சராஜரைத்தான் ஹைதர் பதவியிலிருந்து ஒதுக்கியிருந்தார். இப்போது அதே நஞ்சராஜரின் வாசலில் போய் நின்றார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். நஞ்சராஜர் மன்னித்தார், ஆதரவும் கொடுத்தார். அங்கிருந்துதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1761-இல் ஹைதர் மைசூரைத் திரும்பப் பெற்றார்.

படைத்தலைவருக்குப் போரில் தோற்பதைவிடக் கடினமானது, தாம் அநீதி செய்தவரின் முன்னால் போய் நிற்பது. அதை அவர் செய்தார்.

செங்கமும் திருவண்ணாமலையும்

1767-இல் ஆங்கிலேயக் கம்பெனியோடு முதல் போர். ஹைதரோடு ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்துகொண்டார். எதிரில் கர்னல் ஜோசப் ஸ்மித். அவருடைய படையைவிட இவர்களின் படை பல மடங்கு பெரியது.

செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கத்தில் மோதினார்கள். ஹைதர் தோற்றார். அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் மீண்டும் மோதினார்கள். அங்கேயும் தோற்றார். ஆயிரக்கணக்கான வீரர்களும் ஏராளமான பீரங்கிகளும் போயின. ஆண்டு முடிவதற்குள் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் நிஜாம் அவரைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. அவருடைய இளம் மகன் திப்பு ஒரு சிறு குதிரைப்படையோடு சென்னையின் புறநகர் வரை போய், கம்பெனிக்காரர்களைக் கதிகலங்க வைத்துவிட்டுத் திரும்பினார். பெரும்படையும் பீரங்கிகளும் தோற்றன. வேகமான சிறு படை தோற்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாடம் தானே தெரியும்.

சென்னையின் வாசலில்

ஹைதர் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார். ஒழுங்காக அணிவகுத்து நிற்கும் கம்பெனிப் படையோடு நேருக்கு நேர் நின்று மோதுவதைக் குறைத்தார். அவர்களின் உணவு வண்டிகளைத் தாக்கினார். இன்று இங்கே, நாளை வேறெங்கோ என்று அலைய வைத்தார். 1768 முடிவுக்குள், இழந்த சேலம், பாராமகால் பகுதிகளைத் திரும்பப் பிடித்தார்.

1769 மார்ச் மாதத்தில் பெரும்படையை ஊருக்கு அனுப்பிவிட்டார். தேர்ந்தெடுத்த ஏறக்குறைய 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் சுமார் 130 மைல் கடந்தார். மார்ச் 29-ஆம் தேதி பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். ஸ்மித்தின் படை பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு வேறு வழியில்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுப்பது, ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவுவது என்று முடிவானது.

திருவண்ணாமலையில் தோற்று ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. மறுபடியும் முயன்றார் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். முயன்ற விதத்தை மாற்றினார். அதுதான் முழு உண்மை.

எதிரி வெளியே இல்லாத தோல்வி

1771 மார்ச் மாதம். மேல்கோட்டை அருகே சின்குர்லி என்ற இடத்தில் மராட்டியரிடம் ஹைதர் படுதோல்வி அடைந்தார். அன்று இரவு அவர் மது அருந்தியிருந்தார், நிதானத்தில் இல்லை, கோபத்தில் தம் மகன் திப்புவையே அடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். விடிந்தபோது படை சிதறியது. ஹைதர் தப்பி வந்து சேர்ந்தார். மகனைக் காணவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு தர்காவில் தங்கி, ஊருக்குள் நுழைய மனமில்லாமல் கலங்கியிருந்தார். பிறகு திப்பு பக்கீர் வேடத்தில் வந்து சேர்ந்தார்.

செங்கத்தில் தோற்றதற்கு எதிரியின் துப்பாக்கியைக் காரணம் சொல்லலாம். இந்தத் தோல்விக்கு என்ன காரணம் சொல்வது? மதுவும் கோபமும் பெரிய படையையே கலைத்துவிடும் என்றால், ஒரு குடும்பம் எம்மாத்திரம்?

ஒப்பந்தப்படி உதவிக்கு வரவேண்டிய ஆங்கிலேயர்கள் அப்போது வரவில்லை. அதை அவர் மறக்கவே இல்லை.

ஆரணி, 1782

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு மீண்டும் இறங்கி வந்தார். வந்த வழி செங்கம் கணவாய். முன்பு தோற்ற அதே வழி. செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படையை அழித்தார். நவம்பரில் ஆற்காடு விழுந்தது. ஆரணிக் கோட்டை அவருடைய பண்டகசாலை ஆனது.

ஆனால் 1781-இல் பரங்கிப்பேட்டையிலும், பொள்ளிலூரிலும், சோளிங்கரிலும் அடுத்தடுத்து ஜெனரல் அயர் கூட்டிடம் தோற்றார். வந்தவாசிக் கோட்டையை அவரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

1782 ஜூன் 2-ஆம் தேதி, ஆரணியில் இருந்த பண்டங்களைக் குறிவைத்துக் கூட்டின் படை வந்தது. ஹைதர் வெளியே அந்தப் படையைத் தாக்கி அதன் கவனத்தைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அதற்குள் மகன் திப்புவை அனுப்பிக் கோட்டைக் காவலைப் பலப்படுத்தி, அங்கிருந்த செல்வத்தை வெளியேற்றினார். களத்தில் ஹைதர் பின்வாங்கத்தான் நேர்ந்தது. கூட்டோ ஆரணியைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் மனைவி மக்களைக்கூட விட்டுவிட்டு ஓடியவர் இவர்தான். ஆரணியில் எதைக் காக்கவேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அறிந்து வைத்திருந்தார்.

கடலை அவரால் வெல்ல முடியவில்லை

அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டையில், முதுகில் வந்த ராஜப்பிளவையால் ஹைதர் காலமானார். கடைசிக் காலத்தில் அமைச்சர் பூர்ணையாவிடம் மனம் திறந்து பேசினார் என்று பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயரோடு பகையை வளர்த்ததில் தம் தவறும் உண்டு என்று ஒப்புக்கொண்டார். தரையில் எத்தனை படையை வீழ்த்தினாலும் கடல் வழியே புதுப் படை வந்துகொண்டே இருக்கும், கடலை வற்றச்செய்யத் தம்மால் முடியாது என்று வருந்தினார். மங்களூரில் இருந்த அவருடைய கப்பல்களை 1780 டிசம்பரிலேயே ஆங்கிலேயக் கடற்படை அழித்திருந்தது. இந்தப் பாடம் தாமதமாக வந்தது. ஆனாலும் தவறைத் தவறு என்று ஒத்துக்கொண்டுதான் போனார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைதர் எல்லாவற்றிலும் முன்மாதிரி அல்லர். தம்மை மன்னித்த நஞ்சராஜரையே பின்னாளில் காவலில் வைத்தார். 1780-இல் அவருடைய படை இந்தப் பகுதியின் ஊர்களை எரித்தது. உழவர்களும் நெசவாளர்களும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பஞ்சம் வந்தது. நம் மண்ணின் எளிய மக்கள் பட்ட துன்பத்தை மறைத்துவிட்டு யாரையும் புகழக்கூடாது. நல்லதை எடுத்துக்கொள்வோம், கெட்டதிலிருந்து விலகிக்கொள்வோம்.

முதலாவது, தோல்வி வந்ததும் யார் காரணம் என்று தேடாமல், எது காரணம் என்று தேட வேண்டும். உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். குன்றில் நிறுத்தப்பட்ட வில்லாளர்களில் பலர் இடத்தை விட்டு இறங்கியதால் வெற்றி கைநழுவியது. ஆலு இம்ரான் அத்தியாயம் அந்தத் தவறை மறைக்கவில்லை. அல்லாஹ் மன்னித்ததையும் சேர்த்தே சொல்கிறது. தவறை அறிவதும் மன்னிப்பும் ஒன்றாக வருவதுதான் நம் மார்க்கம்.

இரண்டாவது, வழியை மாற்ற வேண்டும். வட்டிக்கு வாங்கி வியாபாரம் செய்து நஷ்டப்பட்டவர், அந்த நஷ்டத்தை அடைக்க இன்னொரு வட்டிக்கு வாங்கினால் அது முயற்சி ஆகாது, அதே குழியில் இன்னொரு முறை விழுவதுதான். சிறிய அளவில், கையிருப்புக்குள், ஹலாலான வழியில் தொடங்குங்கள். பெரும்படை சாதிக்காததைச் சிறுபடை சாதித்தது.

மூன்றாவது, யாருக்கு அநீதி செய்தோமோ அவரிடம் போக வேண்டும். கூலி பாக்கி வைத்த முதலாளி நெசவாளியிடம் போகட்டும். சொத்துத் தகராறில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பியிடம் போகட்டும். மனிதருக்குச் செய்த அநீதிக்குத் தவ்பா, அந்த மனிதரின் வாசல் வழியாகத்தான் போகிறது.

நான்காவது, பெற்றோர்களே, இது உங்களுக்கு. தேர்வு முடிவு வரும் நாட்களில் நாளிதழில் வரும் செய்திகள் நெஞ்சைப் பிளக்கின்றன. மதிப்பெண் குறைந்த பிள்ளை, நீட்டில் தேறாத பிள்ளை, வீட்டுக்கு வரப் பயந்து உயிரை விடுகிறது. மகனைக் காணாமல் தவித்த அந்த ஹைதரை நினைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் அடித்த கை, பிறகு அந்தப் பிள்ளையைத் தேடித் தவித்தது. அவருக்குப் பிள்ளை திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். முதலில் சோறு போடுங்கள், பிறகு பேசுங்கள்.

இளைஞர்களே! எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், நம் மாவட்டத்தில் இரண்டு முறை தோற்றுவிட்டு, சென்னையின் வாசலில் போய் நின்றார். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது நமக்கு ஆகுமானதல்ல. உயிர் அவன் தந்த அமானிதம். ஒரு தேர்வுக்காகவோ, ஒரு கடனுக்காகவோ அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை. இழைதான் அறுந்திருக்கிறது, தறி இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் தவறுகளை எங்களுக்கே அடையாளம் காட்டுவாயாக! அவற்றை ஒத்துக்கொள்ளும் பணிவையும், திருத்திக்கொள்ளும் வலிமையையும் தருவாயாக! கடனில் தவிப்பவர்களின் சுமையை இறக்குவாயாக! இந்த ஊர் நெசவாளர்களின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளை விரக்தியிலிருந்து காப்பாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.