சுவரில் மலர்ந்த ஓவியம்

ஓவியம் என்றவுடன் அரண்மனைகளும் அருங்காட்சியகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. தெருச்சுவரில் பசை தடவி ஒட்டும் தாளை நாம் ஓவியமாகக் கருதுவதில்லை. மழை பெய்தால் கரையும். மாடு இழுத்தால் கிழியும். மறுவாரம் அதன்மேல் இன்னொரு தாள் ஏறும். அவ்வளவுதான் அதன் வாழ்வு!

என் தந்தையார் அச்சகத் தொழிலாளி. அச்சில் பழுதாகிக் கழித்த சுவரொட்டித் தாள்களே என் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை. அவற்றின் பின்புறமே எனக்குக் கணக்கு நோட்டு. ஆகவே, சுவரொட்டி வரைந்தே உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாற்றைப் படித்தபோது, அதை நம் கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. அவர்தாம் ஓவியர் அல்போன்ஸ் முகா.

இளமையும் இன்னலும்

இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில், இவான்சிட்சே என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் முகா பிறந்தார். அன்று அப்பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் நீதிமன்றத்தில் சிறிய ஊழியர். மகனும் சில காலம் அங்கேயே எழுத்தர் பணி பார்த்தார். ஆனால் மனம் ஓவியத்தையே நாடியது. பிராகு நகரின் கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. வேறு தொழில் பார்க்குமாறு அறிவுரையும் கிடைத்தது என்பர்.

இடம் கிடைக்காத மாணவனின் வேதனை நம்மில் பலருக்குத் தெரியும். முகா அத்துடன் சோர்ந்துவிடவில்லை. வியன்னாவுக்குச் சென்று நாடகத் திரைச்சீலை வரையும் நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார். 1881ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரின் ரிங் நாடக அரங்கு தீக்கிரையாகிப் பலர் மாண்டனர். அந்த அரங்கு அந்நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர். ஆதலால் முகாவின் வேலையும் போயிற்று. பின்னர் மிகுலோவ் என்னும் ஊரில் மக்களின் உருவப்படங்களை வரைந்து பிழைத்தார். அங்கே ஒரு பிரபு அவர் திறமையைக் கண்டு, மியூனிக்கிலும் பாரிஸிலும் ஓவியம் பயில உதவினார். 1889இல் அவ்வுதவியும் நின்றது. பாரிஸ் மாநகரில் நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து, வறுமையோடு போராடினார்.

ஒரு சுவரொட்டி செய்த மாற்றம்

1894ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலம். புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார்ட் தம் ஜிஸ்மோண்டா நாடகத்திற்குப் புதிய சுவரொட்டி உடனே வேண்டும் என்று லெமெர்சியே அச்சகத்திற்குச் சொல்லி அனுப்பினார். ஓவியர்கள் எல்லாரும் விடுமுறையில் சென்றிருந்தனர். நண்பர் ஒருவருக்காக அச்சுப்படி திருத்த வந்திருந்த முகா மட்டுமே அங்கிருந்தார் என்றும், வேறு வழியின்றி அவரிடமே பணி ஒப்படைக்கப்பட்டது என்றும் சொல்வர்.

1895 ஜனவரி முதல் நாள் பாரிஸின் சுவர்களில் அந்தத் தாள் ஏறியது. ஆள் உயரத்தையும் மிஞ்சி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். அகலமோ மிகக் குறைவு. கையில் குருத்தோலை ஏந்தி, கோயில் சிற்பம் போல் நடிகை நிற்கிறார். தலைக்குப் பின்னே வளைவில் அவர் பெயர். கண்ணைப் பறிக்கும் நிறங்கள் மலிந்த தெருவில் அதன் மென்மையான நிறங்களே தனித்து நின்றன. ஒட்டிய தாள்களை மக்கள் இரவோடிரவாகக் கத்தியால் பெயர்த்து எடுத்துச் சென்றார்களாம்! பெர்னார்ட் அம்மையார் ஆறாண்டு ஒப்பந்தத்தில் முகாவை அமர்த்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு.

கல்லில் ஒரு வேதியியல்

இச்சுவரொட்டிகள் கல்லச்சு முறையில் உருவானவை. வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். செனஃபெல்டர் என்னும் ஜெர்மானியர் 1796ஆம் ஆண்டையொட்டிக் கண்ட முறை இது. சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு கலந்த மையால் வரைய வேண்டும். பின் நைட்ரிக் அமிலம் சேர்த்த வேலம் பிசின் கரைசலைப் பூச வேண்டும். வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் நீரை விலக்கி எண்ணெய் மையை ஏற்கும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை. பொதுவாக ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு தனிக் கல். என் தந்தையார் ஓட்டும் ஆஃப்செட் பொறியும் இதே உண்மையில்தான் இயங்குகிறது!

விளம்பரக் கலைஞர்

ஷாம்பனுவா என்னும் அச்சகத்தார்க்கு முகா பல விளம்பரங்கள் வரைந்தார். பிஸ்கட், சாக்லேட், மது, மிதிவண்டி என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1902இல் பெர்ஃபெக்டா மிதிவண்டிக்கு வரைந்த சுவரொட்டியில் வண்டி முழுதாகத் தெரிவதில்லை. கைப்பிடிமேல் சாய்ந்த பெண்ணும் காற்றில் பறக்கும் அவள் கூந்தலுமே தெரிகின்றன. ஆயினும் வேகம் புரிகிறது. பொருளைக் காட்டாமல் அது தரும் இன்பத்தைக் காட்டும் இந்த உத்தியே பிற்கால விளம்பரங்களின் உயிர்நாடி ஆயிற்று.

ஆனால், ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 1896இல் ஜாப் என்னும் சிகரெட் தாளுக்கு அவர் வரைந்த படம் மிக அழகானது. புகைச் சுருளும் கூந்தற் சுருளும் ஒன்றோடொன்று போட்டியிடும். அந்த அழகு எதை விற்றது? புகையை அல்லவா? கலை வலிமையானது, ஆகவே அதை எதற்குக் கொடுக்கிறோம் என்று கலைஞன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அதே ஆண்டில் நான்கு பருவங்களைப் பெண்ணுருவில் வரைந்து, அவற்றை அச்சிட்டுக் குறைந்த விலைக்குக் கிடைக்கச் செய்தார். ஓவியம் வாங்க வசதியில்லாத இல்லங்களிலும் ஓவியம் தொங்கியது. அவர் செய்த அருந்தொண்டு இதுவே என்பேன்.

தாயகம் திரும்பினார்

புகழின் உச்சியில் இருந்தும் அவர் உள்ளம் தம் மக்களையே நினைத்தது. சிகாகோவின் செல்வர் சார்லஸ் கிரேன் பொருளுதவி செய்ய, 1910இல் தாயகம் திரும்பி, ஸ்லாவிய மக்களின் வரலாற்றை இருபது மாபெரும் ஓவியங்களாக வரையத் தொடங்கினார். சில எட்டு மீட்டர் அகலம் உடையவை. 1918இல் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றபோது அதன் முதல் அஞ்சல் தலைகளையும் பணத்தாள்களையும் வரைந்தவரும் இவரே. 1928இல் இருபது ஓவியங்களையும் பிராகு நகருக்கு வழங்கினார். அந்தோ! காலம் மாறியிருந்தது. பழைய பாணி என்று பலர் அவற்றைக் குறை கூறினர்.

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகுவில் புகுந்தது. எழுபத்தெட்டு வயது முதியவரை நாஜி இரகசியப் போலீசார் பிடித்துச் சென்று விசாரித்தனர். விடுதலையான பின் நிமோனியாக் காய்ச்சல் கண்டு, அவ்வாண்டு ஜூலை 14ஆம் நாள் மறைந்தார்.

போர்க்காலத்தில் மறைத்து வைக்கப்பட்ட பேரோவியங்கள் 1963இல்தான் மொராவ்ஸ்கி க்ரும்லோவ் என்னும் ஊரில் காட்சிக்கு வந்தன. அதே ஆண்டில் இலண்டனில் நடந்த கண்காட்சியால் அவருடைய சுவரொட்டிகளும் மறுவாழ்வு பெற்றன.

தம் பேரோவியங்களே நிலைக்க வேண்டும் என முகா விரும்பினார். உலகமோ சுவரொட்டிகளையே நெஞ்சில் வைத்திருக்கிறது. எது பெரிய வேலை, எது சிறிய வேலை என்று செய்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை போலும்! இடம் மறுக்கப்பட்டவர், ஒரு விடுமுறை நாளில் கிடைத்த அவசர வேலையைச் சிறிதென்று எண்ணாமல் செய்தார். அது அவரை நிலைநிறுத்தியது.

நண்பர்களே! எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். கழிவுத் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்ட நாளில், அதன் முன்புறத்தை நான் பார்த்ததே இல்லை. இப்போது தந்தையார் கொண்டுவரும் தாள்களைத் திருப்பிப் பார்க்கிறேன். அதில் ஒருவரின் உழைப்பு இருக்கிறது, கலையும் இருக்கிறது. நாளை தெருவில் நடக்கும்போது நீங்களும் ஒரு நொடி நின்று பாருங்கள்!