படியளந்த பாதிரியார்

பண்ணையார் வெளியூர் போகிறார். எப்போது திரும்புவார் என்று சொல்லவில்லை. பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஒரு காரியஸ்தர் இருக்கிறார். சாவிக் கொத்து அவர் இடுப்பில். மரக்கால் அவர் கையில். ஆட்களுக்கு அன்றாடம் படியளப்பது அவர் பொறுப்பு.

அவர் இரண்டு விதமாக நடக்கலாம். எஜமான் வர நாளாகும் என்று எண்ணி, தின்று குடித்து, ஆட்களை அடித்து விரட்டலாம். அல்லது, எஜமான் இன்று மாலையே வாசலில் வந்து நிற்பார் என்பது போல, நேரம் தவறாமல், அளவு குறையாமல் படியளக்கலாம்.

தஞ்சை மாவட்டத்தில் இந்தக் கதை சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இது தஞ்சையில் பிறந்த கதை அல்ல. இயேசு கிறிஸ்து தம் சீடர்களுக்குச் சொன்ன கதை. தாம் ஒரு நாள் திரும்பி வருவதாக அவர் சொன்னார். எந்த நாள் என்று சொல்லவில்லை. அதுவரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் காரியஸ்தர் கதை.

அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் பெங்கல் என்ற வேத பண்டிதர் 1836-ம் ஆண்டைக் குறித்துக் கொடுத்தார். திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்பவர் 1881 என்றார். இரண்டு ஆண்டுகளும் வந்தன. போயின.

தஞ்சையில் ஒரு பாதிரியார் இருந்தார். அவர் பெயர் நிலைத்தது நாள் குறித்ததால் அல்ல, படியளந்ததால். அவர்தான் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். சுவார்ட்ஸ் ஐயர் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

தாயின் ஆசை

சுவார்ட்ஸ் 1726-ம் ஆண்டில் பிரஷ்யா நாட்டில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார். பிள்ளையைக் கடவுளுக்கு என்று கொடுத்துவிட்டேன், அப்படியே வளர்க்க வேண்டும் என்று சாகும் தறுவாயில் கணவரிடம் கேட்டுக்கொண்டார்.

வாலிபரானதும் ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போனார். அங்கே பிராங்கே என்ற பக்திமான் ஏற்படுத்திய பெரிய அநாதை விடுதி இருந்தது. பள்ளிக்கூடம், மருந்துச் சாலை, அச்சுக்கூடம் எல்லாம் அதைச் சேர்ந்தவை. ஜெபம் செய்தால் மட்டும் போதாது, பசித்தவனுக்குச் சோறும் போட வேண்டும் என்பது அந்த இடத்தின் பாடம். தமிழ்நாட்டில் ஊழியம் செய்து திரும்பிய சூல்சே என்ற பாதிரியாரும் அங்கே இருந்தார். தமிழ் வேதாகமத்தை அச்சிட உதவி தேவைப்பட்டது. அதற்காகச் சுவார்ட்ஸ் ஜெர்மனியில் இருந்தபடியே தமிழ் எழுத்துக் கற்றார்.

1750-ம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அது டென்மார்க்காரர்களின் ஊர். சீகன்பால்க் முதன்முதலாகத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊரும் அதுதான். வந்த 4 மாதத்தில் சுவார்ட்ஸ் தமிழில் பிரசங்கம் செய்தார். வயது 24. அதன் பிறகு 48 ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தார். ஒரு முறைகூடப் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

பித்தளை விளக்கு

1762-ல் தரங்கம்பாடியிலிருந்து கால்நடையாகத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் போனார். பிறகு திருச்சியில் பல ஆண்டுகள் தங்கினார். அவர் இருந்த அறையைப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் சின்ன அறை. ஒரு கட்டிலும் ஒரு மனிதரும் இருக்கத்தான் இடம். சாப்பாடு சோறும் காய்கறியும். அதுவும் நம் ஊர்ச் சமையல். கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுத் துணி ஓர் ஆண்டுக்கு உடுப்பு. இரவில் படிக்க ஒரு பித்தளை விளக்கு. மாத வருமானம் பத்து வராகன்.

1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. பல சிப்பாய்கள் செத்தார்கள். பிள்ளைகள் அநாதைகளானார்கள். சுவார்ட்ஸ் அவர்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு கும்பெனி அரசாங்கம், அவர் கேட்காமலே, பட்டாளத்துப் பாதிரியார் என்ற முறையில் ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அந்தப் பணமும் மிஷன் வீட்டுக்கும் பள்ளிக்குமாகப் போயிற்று.

அவருடைய ஒரு நாள் மற்றொரு நாளைப் போலவே இருக்கும். விடியற்காலையில் உபதேசிமாரோடு ஜெபம். பிறகு ஆளுக்கொரு பக்கமாக ஊர்களுக்கு அனுப்புவார். தானும் கிளம்புவார். தமிழ், மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம், போர்ச்சுகீசியம் என்று யாருக்கு எது தெரியுமோ அந்த மொழியில் பேசுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து வந்தவர்களோடு பேசுவார். உபதேசிமார் வந்து அன்றைய காரியத்தைச் சொல்வார்கள். மறுபடியும் ஜெபம். இதில் கதைக்கு ஏற்ற சம்பவம் ஒன்றும் இல்லைதான். ஆனால் இப்படியே 40 ஆண்டு செய்து பார்த்தால் தெரியும்.

ஐதர் கேட்ட ஆள்

1778-ல் சுவார்ட்ஸ் தஞ்சையில் குடியேறினார். மறு ஆண்டே சென்னை கவர்னரிடமிருந்து அழைப்பு வந்தது. மைசூர் ஐதர் அலியிடம் ரகசியமாகச் சமாதானம் பேசப் போக வேண்டும். கும்பெனி ஆட்களை ஐதர் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஏமாற்றமாட்டார், அவரை அனுப்பினால் கேட்கலாம் என்று ஐதர் சொன்னதாகக் கூறுவார்கள்.

போர் வராமல் தடுக்கலாமே என்றுதான் சுவார்ட்ஸ் ஒப்புக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். கும்பெனி மீறிய வாக்குகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. திரும்பும்போது வழிச் செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைக் கும்பெனியிடம் ஒப்படைக்கப் பார்த்தார். அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அது தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதல் பணம் ஆயிற்று.

சமாதானம் மட்டும் வரவில்லை. 1780-ல் போர் மூண்டது. ஐதரின் படை தஞ்சை நாட்டில் புகுந்தது. பாசன அணைகளை உடைத்தார்கள். மாடுகளை ஓட்டிப் போனார்கள். கிராமங்கள் காலியாயின. தஞ்சைப் பக்கத்துக் கிழவர்கள் ஐதர் கலாபம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அந்தக் கலாபத்திலும் சுவார்ட்ஸ் மட்டும் எங்கும் தடையில்லாமல் போய் வரலாம் என்று ஐதர் தம் தளபதிகளுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

எண்பதாயிரம் கலம்

தஞ்சைக் கோட்டைக்கு வெளியே எதிரி. உள்ளே பசி. தெருக்களில் பிணங்கள் கிடந்தன.

நெல் இல்லாமல் போகவில்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் கொடுக்க மறுத்தார்கள். காரணம், முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்த அதிகாரிகள் விழுங்கிவிட்டார்கள். ராஜா ஆள் அனுப்பினார். கும்பெனி கெஞ்சியது. பணம் நிச்சயம் என்று சத்தியம் செய்தார்கள். ஒரு மாடும் வரவில்லை. பட்டினி கிடந்தாலும் கிடப்போம், இன்னொரு தடவை ஏமாற மாட்டோம் என்று குடியானவர்கள் இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அப்போது ராஜா துளஜாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. குடிகள் யாரை நம்புகிறார்களோ அவரையே கேட்கச் சொன்னார். சுவார்ட்ஸ் ஊர் ஊராக ஓலை அனுப்பினார். மாடு கொடுப்பவர்களுக்குத் தன் கையாலேயே பணம் கொடுப்பதாக வாக்களித்தார்.

இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேல் எருதுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 9 லட்சத்து 60 ஆயிரம் மரக்கால் நெல்! கோட்டை பிழைத்தது. சொன்னபடி குடியானவர்களுக்குப் பணமும் கிடைத்தது.

இது போக, பஞ்சம் வரப்போவதை முன்பே கண்டு, விலை மலிவாக இருக்கும்போது அரிசி வாங்கி வைத்திருந்தார். அதிலிருந்து தம் ஊழியர்களுக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் அளந்தார். கடவுள் வருவார் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் அல்ல அவர். அரிசி விலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்த பிறகும் நாட்டில் நிம்மதி இல்லை. வரி கேட்ட அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். ராஜா கூப்பிட்டும் வரவில்லை. மறுபடியும் சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். அதற்குள் உழவு தொடங்க வேண்டிய ஆனி மாதம் போயே போய்விட்டது. செப்டம்பரில்தான் ஏர் பூட்டினார்கள். இரவிலும் வேலை செய்தார்கள். அந்த ஆண்டு முந்திய ஆண்டைவிட அதிகமாக விளைந்தது. காவிரித் தண்ணீர் ஒரு மாதம் தள்ளி வந்தாலே என்ன பாடு என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராஜாவின் பிள்ளை

துளஜா மகாராஜாவுக்கு மகன், மகள், பேரன் எல்லாரும் இறந்துபோனார்கள். 1787-ல் அவரும் படுக்கையில் விழுந்தார். சரபோஜி என்ற சிறுவனைத் தத்து எடுத்தார். சுவார்ட்ஸை அழைத்து, இந்தப் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்றார்.

சுவார்ட்ஸ் தயங்கினார். ராஜ்யத்தை ஆளுவது தம் வேலை அல்ல என்று நினைத்தார். ராஜாவின் தம்பி அமர்சிங்கிடம் பிள்ளையையும் நாட்டையும் ஒப்படைக்கும்படி யோசனை சொன்னார்.

அந்த யோசனை பலிக்கவில்லை. துளஜா இறந்ததும் தத்து செல்லாது என்று பண்டிதர்களைச் சொல்லவைத்தார்கள். அமர்சிங் சிம்மாசனம் ஏறினார். பிள்ளையை வெளிச்சம் புகாத அறையில் அடைத்து வைத்தார்கள். படிப்பும் இல்லை. விளையாட்டும் இல்லை.

யோசனை சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று சுவார்ட்ஸ் ஒதுங்கிவிடவில்லை. கும்பெனிக்கு எழுதினார். நேரில் போய்ப் பேசினார். பையனுக்குக் காவல் ஏற்பாடு செய்தார். படிப்புச் சொல்லிக் கொடுத்தார். 1793-ல் அவனையும் துளஜாவின் ராணிகளையும் தாமே கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 66. சென்னையில் கெரிக்கே பாதிரியாரிடம் சரபோஜி படித்தார். தத்து விவகாரத்தை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று சுவார்ட்ஸ் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். முதலில் சொன்ன தீர்ப்பு தவறு, தத்து செல்லும் என்று முடிவாயிற்று.

இத்தனை அன்பு இருந்தும் சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அதற்காகச் சுவார்ட்ஸ் அவரைக் கைவிடவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அவர் அழைத்துவந்து வளர்த்த இன்னொரு பையன்தான் பிற்காலத்தில் பெரும் புலவரான வேதநாயகம் சாஸ்திரியார். ராஜகுமாரனும் ஏழைப் பையனும் ஒரே மனிதரை அப்பா போல நினைத்து வளர்ந்தார்கள். இருவரும் கடைசிவரை நண்பர்கள்.

கடைசி நாள்

1797-ம் ஆண்டின் முடிவில் சுவார்ட்ஸுக்குக் காலில் புண் கண்டது. நாளுக்கு நாள் பலம் குறைந்தது. அப்படியும் பிள்ளைகளைக் கட்டிலருகே வரவழைத்துப் பாடச் சொல்வார். சரபோஜி வந்து பார்த்தார். அவருக்கு ஆசி சொல்லி, குடிகளைக் காப்பாற்றும்படி புத்தி சொன்னார்.

1798 பிப்ரவரி 13-ந் தேதி. கண் மூடிக் கிடந்தார். உயிர் போய்விட்டது என்று நினைத்த கெரிக்கே, அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடத் தொடங்கினாராம். இரண்டாவது அடியில் சுவார்ட்ஸின் குரலும் சேர்ந்ததாம். அன்று மாலை உயிர் பிரிந்தது. எஜமானை எதிர்பார்த்திருந்தவர் எஜமானிடம் போனார்.

மறுநாள் அடக்கம். சரபோஜி வருவதற்காகப் பெட்டியை மூடாமல் காத்திருந்தார்கள். அவர் வந்து முகத்தைப் பார்த்து விம்மி அழுதார். உடல்மேல் பொன்னாடை போர்த்தினார். கல்லறைவரை கூடவே நடந்தார். அரச குடும்பத்து இந்து ஒருவர் அப்படிச் செய்வது அந்தக் காலத்து வழக்கம் அல்ல. ஏழைகளின் அழுகைச் சத்தத்தில் பாட்டுப் பாட முடியாமல் போயிற்று.

சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் சுவார்ட்ஸ் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார். அவர் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த சிம்மாசனத்தில் சரபோஜி ஏறியதை அவர் பார்க்கவில்லை. நாலரை மாதம் கழித்து, 1798 ஜூன் 29-ந் தேதிதான் அந்தப் பட்டாபிஷேகம் நடந்தது.

சரபோஜி மன்னர் மறக்கவில்லை. கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் எழுதினார். கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைக்க ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்ற பெயர் பெற்ற சிற்பியிடம் சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். தஞ்சைச் சிவகங்கைக் குளத்துக்கு அருகில், சுவார்ட்ஸ் 1779-ல் கட்டிய கோவிலில் அது இருக்கிறது. கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார். சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கெரிக்கே. கட்டிலருகே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.