கடற்றந்தியைக் கணித்த கெல்வின் பிரபு

செய்தி செல்லும் வழியொன்றைப்பற்றி அறியவேண்டியவை இரண்டு. செய்தி சென்றடைய எவ்வளவு நேரமாகும் என்பது ஒன்று. குறித்த நேரத்துள் அவ்வழி எவ்வளவு செய்தியைத் தாங்கும் என்பது மற்றொன்று. நெடுங்கடலடித் தந்தி வடத்துக்கு இவ்விரண்டையும் கணித்துரைத்த பேரறிஞர் உவில்லியம் தொம்சன் என்னும் கெல்வின் பிரபு ஆவர்.

1824 ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த இவர், கணித ஆசிரியரான தந்தையாரிடமே இளமையிற் கற்றார். பதினாறாம் பிராயத்தில், வெப்பம் பரவும் முறைபற்றிப் பிரெஞ்சு அறிஞர் பூரியே இயற்றிய நூலைப் பயின்றார். 1846 இல், இருபத்திரண்டு வயதிலேயே, கிளாசுக்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அப்பதவியில் ஐம்பத்துமூன்று ஆண்டுகள் வீற்றிருந்தார்.

இளமையிற் கற்ற அந்நூல் 1854 இற் பயன்தந்தது. கோலின் ஒரு முனையிற் காய்ச்சிய வெப்பம் மறுமுனைக்கு மெல்லமெல்ல ஏறுமாறு போல, கடல் வடத்தில் விடுத்த மின்னும் மறுமுனையிற் படிப்படியாகவே பெருகும் எனக் கண்டார். தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஒப்ப வளரும் என்பதே அவர் முடிபு. 200 மைல் வடத்திற் பத்திலொரு செக்கன் தாமதமாயின், 2,000 மைல் வடத்தில் அது பத்து மடங்கன்று, நூறு மடங்காகிப் பத்துச் செக்கனாகும். ஒரு குறி அடங்குமுன் அடுத்ததை விடுத்தால் இரண்டும் கலந்து பொருளிழக்கும். ஆதலின் தாமதம் மிக, வடம் தாங்கும் சொற்றொகை குறையும். செப்புக் கம்பியையும் அதன் காப்புறையையும் தடிப்பாக்குவதே பரிகாரம் என்றார்.

அத்திலாந்திக்குத் தந்திக் கொம்பனியின் மின்னியலாளரான உவைற்கவுசு என்பார் இவ்விதியை மறுத்தார். மெல்லிய வடமே இடப்பட்டது. 1858 ஓகஸ்ட் 5 ஆம் நாள் அது அயர்லாந்தையும் நியூபவுண்லாந்தையும் இணைத்தது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்கச் சனாதிபதிக்கு விடுத்த 98 சொற்செய்தி போய்ச்சேர ஏறக்குறையப் பதினாறு மணி நேரமாயிற்று. நுண்ணிய மின்னையும் ஒளிப்புள்ளியின் அசைவாற் காட்டும் ஆடிக் கல்வனோமானியைத் தொம்சன் ஆக்கியிருந்தார். உவைற்கவுசோ மின்னழுத்தத்தை 2,000 வோல்ற்று வரையில் ஏற்றினார். முன்னரே குறையுடைய வடம் மேலும் நலிந்து, சில வாரங்களில் ஊமையாயிற்று. கொம்பனியார் அவரை நீக்கியபோது, தம் கணக்கை மறுத்த அவருக்காகப் பரிந்துபேசிக் கண்டனத்துக்கு ஆளானவரும் தொம்சனே.

தோல்வி பாடமாயிற்று. பழைய வடத்திற் கடல் மைலுக்கு 107 இறாத்தல் செம்பு இருந்தது. புதியதில் 300 இறாத்தல் இடப்பட்டது. காப்புறையும் தடித்தது. ‘கிரேற் ஈஸ்ரேண்’ என்னும் பெருங்கப்பலில் தொம்சனும் உடன்செல்ல, 1866 யூலை 27 ஆம் நாள் அவ்வடம் கரைசேர்ந்து நிலைத்தது. அவ்வாண்டே அவருக்குச் சேர் பட்டமும், 1892 இற் பிரபுப் பட்டமும் கிடைத்தன. 1907 டிசெம்பர் 17 இல் மறைந்த அவர், வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் நியூற்றனுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று கண்ணாடி இழையிலே ஒளி செய்தி சுமக்கின்றது. வர்க்க விதி அங்கே ஆள்வதில்லை. ஆயினும் தாமதம் எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு எனக் கணித்த பின்னரே கடலில் வடம் இறங்குகின்றது. வலிந்து ஏற்றும் விசை வழியின் இயல்பை மாற்றாது என்பதை உலகம் அறிந்துகொள்ள, ஒரு முழு வடத்தையே கடலுக்குப் பலிகொடுக்க நேர்ந்தது.