சேக்கிழார் கண்ட நிமித்தங்கள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்திற்குக் கிழக்கே அமைந்த ஊர் படப்பை. மனையை அடுத்த தோட்டத்தைப் படப்பை என்று குறிப்பது சங்க இலக்கிய வழக்கு. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் ஊர்திகள் இன்று இடையறாது ஓடும் அவ்வட்டாரமும், அதன் வடகிழக்கே உள்ள குன்றத்தூரும் பழந்தொண்டை நாட்டின் ஏரிப்பாசன நிலங்கள். இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்த அந்நாட்டில், புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில், 12ஆம் நூற்றாண்டில் வேளாளர் குடியில் தோன்றியவர் அருண்மொழித்தேவர். சேக்கிழார் என்பது அவர்தம் குடிப்பெயர். இயற்பெயரைப் பின்னுக்குத் தள்ளி அதுவே நிலைத்துவிட்டது.

அவர் அரசவை புகுந்த வரலாற்றை மரபு சுவையாகக் கூறும். உலகினும் பெரியது, கடலினும் பெரியது, மலையினும் பெரியது எவையெனச் சோழ மன்னன் வினவினான். உரிய காலத்தில் செய்த உதவியும், பயன் கருதாது செய்த உதவியும், தன்னிலை பிறழாது அடங்கியவரின் தோற்றமும் என மூன்று குறட்பாக்களால் இளைஞராகிய அருண்மொழித்தேவர் விடை பகர்ந்தார். மகிழ்ந்த மன்னன் அவரை அமைச்சராக்கி, உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் வழங்கினான். அநபாயன் எனப் போற்றப்பெற்ற அம்மன்னன், 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பது அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து.

மன்னன் சீவக சிந்தாமணியில் தோய்ந்திருந்தான். திருத்தக்கதேவர் இயற்றிய அச்சமணக் காப்பியத்தின் கவிதை வளத்தைக் கண்டு அவன் மயங்கியதில் வியப்பில்லை. ஆயினும், அமைச்சர் அவன் உள்ளத்தைச் சிவனடியார் வரலாறுகளின்பால் திருப்பினார். சிந்தாமணியின் கதையே ஒரு தீக்கனவிலிருந்துதான் விரிகிறது. அசோக மரம் சாய்வதையும், அவ்விடத்தே முடியுடனும் எட்டு மாலைகளுடனும் ஒரு முளை எழுவதையும் அரசி விசயை கனவில் காண்கிறாள். கணவனின் இறப்பும் மகனின் பிறப்பும் அவன் பெறப்போகும் மனைவியர் எண்மரும் அக்கனவுக்குள் அடங்கியிருக்கின்றன. கனவு காட்டியது பின்னர் அவ்வண்ணமே நிகழ்கிறது.

சிந்தாமணிக்கும் முற்பட்டது இவ்வழக்கு. போர்மேற் செல்வோர் ஊர்ப்பாக்கத்தே நின்று நற்சொல் கேட்பதைத் தொல்காப்பியம் விரிச்சி என்கிறது. நாழி நெல்லும் முல்லை மலரும் தூவி முதுபெண்டிர் விரிச்சிக்குக் காத்து நிற்பதும், தாயைப் பிரிந்த கன்றுக்கு ஆயர்மகள் கூறும் ஆறுதலே நற்குறியாகக் கொள்ளப்படுவதும் முல்லைப்பாட்டில் வரும் காட்சி. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. வரப்போவதைப் படிப்பவருக்கு முன்னரே உணர்த்தி நெஞ்சைப் பதைக்கச் செய்யும் உத்தி இது. பாத்திரங்கள் அறியாததைப் படிப்பவர் அறிந்திருப்பதே அதன் வலிமை.

இம்மரபு முழுவதும் சேக்கிழாருக்குக் கைவந்திருந்தது. மன்னனிடம் விடைபெற்றுத் தில்லை சென்ற அவர், அடியார் வரலாற்றைப் பாட அடியெடுத்துத் தருமாறு கூத்தப் பெருமானை வேண்டினார். உலகெலாம் என்னும் சொல் வானொலியாக எழுந்ததென்றும், அதனையே முதலாகக் கொண்டு ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்து பாடினாரென்றும் உமாபதி சிவாசாரியாருடையதாக வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும். நிமித்தங்களைப் பாடிய புலவரின் வாழ்க்கையிலேயே ஒரு விரிச்சியை வைத்திருக்கிறது மரபு! சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியும் அவருக்கு முதல்நூலும் வழிநூலும் ஆயின. தனியடியார் 63 பேரும் தொகையடியார் 9 பிரிவினரும் 13 சருக்கங்களில் இடம்பெற்றனர். அவர் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். உலகம் வழங்கிய பெயர் பெரியபுராணம்.

அந்நூலில் கண்ணப்பர் வரலாறு நிமித்தத்தில் தொடங்கி நிமித்தத்தில் முடிகிறது. உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் முதல் வேட்டைக்குப் புறப்படும் நாளில், தேவராட்டியாகிய முதியவள் குறிகளை ஆராய்கிறாள். இத்தகைய நற்குறிகளைத் தான் கண்டதில்லை என்றும், மகன் தந்தையினும் மேம்படுவான் என்றும் வாழ்த்துகிறாள். வேட்டையில் சிறப்பான் என்றே நாகன் பொருள் கொண்டிருப்பான். திண்ணனோ அவ்வேட்டையிலேயே காளத்தி மலையேறி, வீடு திரும்பாமலே இருந்துவிடுகிறான். தேவராட்டியின் சொல் பொய்க்கவில்லை. தந்தை எதிர்பார்த்த வழியில் பலிக்கவும் இல்லை.

ஆறாம் நாள், இறைவனுக்கு ஊனமுது தேடிச் சென்ற திண்ணன் விரைந்து மீள்கிறான். வழியெங்கும் பறவைகள் தீக்குறி காட்டுகின்றன. அவை குருதியைக் குறிப்பவை என்பது வேடனுக்குத் தெரியும். காட்டில் தனியே வில்லேந்தி வருபவன் அக்குறியைக் கண்டால் தன் உயிருக்கு அஞ்சுவதே இயல்பு. திண்ணனுக்கு அவ்வெண்ணம் தோன்றவே இல்லை. தன் இறைவனுக்கு என்ன நேர்ந்ததோ என்று பதறி ஓடுகிறான். ஓடிவந்து காண்பது குருதி வழியும் திருவிழியை. பச்சிலை பிழிந்தும் குருதி நிற்காமையால், தன் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்புகிறான். பறவைகள் காட்டிய குருதி இறைவனுடையதா, திண்ணனுடையதா? இரண்டுமேதான். நிமித்தத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட இடங்கள் தமிழ்க் காப்பியங்களில் சிலவே. பறவையின் குரலை வைத்து ஒருவனுடைய அன்பின் அளவைக் காட்டிவிடுகிறார் சேக்கிழார்.

திருஞானசம்பந்தர் வரலாற்றில் வேறொரு நிலை. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பை ஏற்று, திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படுகிறார் சம்பந்தர். நாளும் கோளும் நன்றாக இல்லை என்று தடுப்பவர் நாவுக்கரசர். வெறும் அச்சத்தால் தடுத்தவர் அல்லர். மாற்றுச் சமயத்தாரால் நீற்றறையும் நஞ்சும் கண்டவர் அவர். இறைவன் உள்ளத்தில் இருக்கக் கோள்கள் என்செய்யும் என்னும் கருத்தமையப் பதிகம் பாடி, அந்நாளிலேயே புறப்படுகிறார் இளையவர். ஆயினும், சேக்கிழார் நிமித்தங்களை அறவே ஒதுக்கியவர் அல்லர். சம்பந்தர் மதுரையை நெருங்குகையில் சமணர்க்குத் தீக்கனவுகளும், அரசிக்கும் அமைச்சருக்கும் நற்குறிகளும் தோன்றியதாக அவரே பாடுகிறார். தம் காலத்து நம்பிக்கையும் தம் சமயச் சார்பும் அவரிடம் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எதிர்ப்படுவோரைக் கொண்டு சகுனம் கணிக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. அதனால் புண்படுவோர் பெரும்பாலும் எளியோரே. சேரமான் பெருமாள் முடிசூடி, யானைமீது நகர்வலம் வரும் வேளையில் எதிரே வருகிறான் ஒரு வண்ணான். அவன் சுமந்த உவர்மண் மழையில் கரைந்து வழிந்து, உடலெங்கும் வெண்மையாக உலர்ந்திருக்கிறது. மன்னர் யானையினின்று இறங்கி அவனை வணங்குகிறார். திருநீற்றுக் கோலத்தை நினைப்பித்தாய் என்கிறார். அஞ்சி நடுங்கியவன் தான் அடிவண்ணான் என்கிறான். மன்னரோ தாம் அடிச்சேரன் என்று பணிகிறார். முடிசூட்டு நாளின் முதற் காட்சியாகச் சேக்கிழார் தேர்ந்தது இதனை.

குறியீட்டின் மறுபுறமும் அவர் அறிந்ததே. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக் கட்டில் கத்தியை மறைத்து வந்து குத்துகிறான். குருதி சோர வீழும் நிலையிலும், அவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு மெய்க்காவலன் தத்தனுக்கு ஆணையிடுகிறார் மன்னர். சின்னம் பொய்யானது, சின்னத்தை மதித்தவரின் உள்ளம் மெய்யானது. இரண்டையும் அருகருகே நிறுத்திவிட்டுக் கதையை மேலே நடத்துகிறார் புலவர்.

சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது. நூலையும் ஆசிரியரையும் யானைமீது ஏற்றி, மன்னன் தானும் உடன் அமர்ந்து கவரி வீசினான் என்பர். தொண்டர்சீர் பரவுவார் என்னும் பெயரும் அப்போது அமைந்தது. அமைச்சுப் பொறுப்பு தம்பி பாலறாவாயருக்குச் சென்றது; சேக்கிழார் தில்லையிலேயே தங்கினார். நூல் பன்னிரண்டாம் திருமுறையாயிற்று.

சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் கொண்ட ஈடுபாட்டால், அப்பெயரிலேயே குன்றத்தூரில் அவர் எழுப்பிய கோயில் இன்றும் உள்ளது. சென்னையைச் சூழ்ந்த நவக்கிரகத் தலங்களுள் இராகுவுக்கு உரியதாக அது இப்போது கருதப்படுகிறது. இராகுவும் கேதுவும் அடியாரை என்செய்யும் என்று சம்பந்தர் புறப்பட்ட கதையை விரித்துப் பாடியவர் கட்டிய கோயிலில், கோள்களுக்கு அஞ்சுவோர் இராகு காலம் பார்த்துப் பாற்குடத்துடன் காத்திருக்கின்றனர். அதே ஊரில் சேக்கிழாருக்குத் தனிக்கோயிலும் உண்டு. ஆண்டுதோறும் வைகாசிப் பூசத்தில் அவருக்குக் குருபூசை நடைபெறுகிறது.