வெளிநாட்டுக் கொள்கை யாருடைய சொத்து? பேர்ட்ரண்ட் ரஸலின் வாழ்வு எழுப்பும் கேள்வி

1914 ஓகஸ்ட் 3ஆம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வெளிநாட்டமைச்சர் சேர் எட்வேர்ட் கிரே நீண்டதோர் உரையை நிகழ்த்தினார். பிரான்ஸின் இராணுவத் தலைமையுடன் பிரித்தானியத் தளபதிகள் 1906ஆம் ஆண்டிலிருந்தே பேசி வந்துள்ளனர் என்பதையும், 1912இல் இரு நாடுகளின் கடற்படைகளுக்குமிடையே ஓர் ஏற்பாடு உருவாகியிருந்தது என்பதையும் மக்கள் பிரதிநிதிகளில் மிகப் பலர் அன்றுதான் அறிந்து கொண்டனர். அமைச்சரவை முழுமைக்குமே அந்த இராணுவப் பேச்சுக்கள் 1911 வரை தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. மறுநாள் இரவு பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. ஏழு இலட்சத்திற்கும் அதிகமான பிரித்தானியரின் உயிரைக் குடித்த போருக்கான பாதை, அவர்களுக்கோ அவர்களது பெற்றோருக்கோ தெரியாமலேயே போடப்பட்டிருந்தது.

போர்ப் பிரகடனம் வெளியான அந்த மாலையில், டிரபல்கர் சதுக்கத்தை அண்டிய வீதிகளில் ஆரவாரித்த கூட்டத்தின் நடுவே 42 வயதுடைய அறிஞர் ஒருவர் நடந்து திரிந்தார். சாதாரண மக்கள் போரை இத்தனை மகிழ்ச்சியுடன் வரவேற்பதைக் கண்டு அவர் திகைத்துப் போனார். அவர்தான் பேர்ட்ரண்ட் ரஸல்.

ரஸல் ஆளும் வர்க்கத்திற்கு வெளியிலிருந்து வந்தவரல்லர். 1872 மே 18ஆம் திகதி வேல்ஸில் பிறந்த அவரது பாட்டனார் ஜோன் ரஸல் பிரபு இரு தடவைகள் பிரித்தானியப் பிரதமராகப் பதவி வகித்தவர். நான்கு வயதிற்குள் தாயையும் தந்தையையும் இழந்த சிறுவன், பாட்டியாரின் பராமரிப்பில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதமும் தத்துவமும் பயின்றார். வைட்ஹெட்டுடன் இணைந்து எழுதிய பிரின்சிப்பியா மெதமெட்டிக்கா 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தபோது, உலகின் முதன்மையான தர்க்கவியலாளர்களில் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார். வசதியான வாழ்க்கை அவருக்குக் காத்திருந்தது. அவர் தெரிவு செய்ததோ வேறொரு பாதை.

போர் தொடங்கியதும் உருவான ஜனநாயகக் கட்டுப்பாட்டுக்கான ஒன்றியத்தின் பணிகளில் அவர் ஈடுபட்டார். பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றி எந்த ஒப்பந்தமும் செய்யப்படலாகாது, ஒரு பிரதேசத்து மக்களின் சம்மதமின்றி அப்பிரதேசம் கைமாற்றப்படலாகாது என்பன அவ்வொன்றியத்தின் கோரிக்கைகளுள் முக்கியமானவை. வெளிநாட்டுக் கொள்கை என்பது இராஜதந்திரிகளின் தனிச் சொத்தல்ல, அதன் விளைவைச் சுமக்கும் குடிமக்களுக்கு அதனைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பதே இதன் சாரமாகும். எல்லாப் போர்களையும் ரஸல் எதிர்த்தார் எனக் கருதுவது தவறு. இந்தப் போருக்கு அரசாங்கம் கூறிய நியாயங்கள் பொய்யானவை என்பதே அவரது வாதமாக இருந்தது.

இவ்வாறு கேள்வி கேட்டமைக்கு அவர் செலுத்திய விலை சிறிதன்று. 1916இல் கட்டாய இராணுவ சேவை நடைமுறைக்கு வந்தபோது, மனச்சாட்சியின் பேரில் அதனை மறுத்த ஆசிரியர் ஒருவருக்கு இரு வருடக் கடூழியச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் எழுதியது தாமே எனப் பகிரங்கமாக அறிவித்த ரஸலுக்கு 100 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் செலுத்த மறுக்கவே, அவரது நூல்கள் ஏலத்திற்கு வந்தன. டிரினிட்டி கல்லூரி அவரை விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. அமெரிக்கா செல்லக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1918இல் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்று பிறிக்ஸ்டன் சிறைக்குச் சென்ற அவர், அங்கிருந்தவாறே கணிதத் தத்துவம் பற்றிய நூலொன்றை எழுதி முடித்தார்.

அவரது சந்தேகம் நியாயமானது என்பதைக் காலம் விரைவிலேயே காட்டிற்று. 1917 இறுதியில் ரஷ்யாவின் புதிய போல்ஷெவிக் அரசாங்கம், ஜார் மன்னரின் ஆவணக் கூடத்தில் கிடந்த இரகசிய ஒப்பந்தங்களை அம்பலப்படுத்தியது. ஒருபுறம் அரபு மக்களுக்குச் சுதந்திரம் தருவதாக வாக்களித்துக் கொண்டே, மறுபுறம் அவர்களது நிலங்களைப் பிரித்தானியாவும் பிரான்ஸும் 1916இலேயே தமக்குள் பங்கு போட்டுக் கொண்ட சைக்ஸ் - பிக்கோ உடன்படிக்கையும் அவற்றுள் ஒன்று. மூடிய கதவுகளுக்குப் பின்னால் கீறப்பட்ட அக்கோடுகளின் வேதனையை மத்திய கிழக்கு இன்னமும் அனுபவித்து வருகின்றது.

தம் அரசாங்கத்தின் எதிரியை நண்பனாக வரித்துக் கொள்ளும் பலவீனம் அவரிடம் இருக்கவில்லை. 1920இல் ரஷ்யாவுக்குச் சென்று லெனினைச் சந்தித்துத் திரும்பிய அவர், போல்ஷெவிக் ஆட்சியின் அடக்குமுறையைக் கண்டித்து நூலெழுதினார். இடதுசாரி நண்பர்கள் பலர் அதனால் மனம் கசந்தனர். பின்னாளில் இந்தியாவின் சுதந்திரத்திற்காகக் கிருஷ்ண மேனன் இலண்டனில் நடத்திய இந்தியா லீக்கிற்கும் அவர் துணை நின்றார்.

அவரும் தவறாதவரல்லர். ஹிட்லரை எதிர்த்துப் போரிடுவதையும் 1936இல் நிராகரித்த அவர், 1940இல்தான் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். இரண்டாம் உலகப் போரின் பின், அமெரிக்காவிடம் மட்டும் அணுகுண்டு இருந்த காலத்தில், போர் அச்சுறுத்தலின் மூலமேனும் சோவியத் யூனியனைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கு இணங்கச் செய்யலாம் என வாதிட்டார். சமாதானவாதியின் வாழ்வில் இது ஒரு கறையே எனலாம்.

ஐதரசன் குண்டு உருவானதும் அவரது முதுமை முழுவதும் அணு ஆயுத எதிர்ப்புக்கு அர்ப்பணமாயிற்று. ஐன்ஸ்டைன் மரணிப்பதற்குச் சில தினங்கள் முன்னர் கையொப்பமிட்ட பிரகடனத்தை 1955 ஜூலையில் அவர் உலகின் முன் வைத்தார். 1961இல், 89ஆவது வயதில், அணு ஆயுத எதிர்ப்புப் போராட்டத்திற்காக மீண்டும் அதே பிறிக்ஸ்டன் சிறையில் ஒரு வாரத்தைக் கழித்தார். 1962இல் கியூப நெருக்கடியின்போது கென்னடிக்கும் குருஷேவுக்கும் தந்திகள் அனுப்பினார். அதே காலத்தில் மூண்ட இந்திய - சீன எல்லைப் போர் தொடர்பாக நேருவுக்கும் சூ என்லாய்க்கும் கடிதங்கள் எழுதினார். அதே பிணக்கைத் தீர்ப்பதற்காகவே பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க 1962 டிசம்பரில் ஆறு அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குப் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம் ஆதரவளித்ததைக் கண்டு, 1965 ஒக்டோபரில் அக்கட்சியின் உறுப்புரிமை அட்டையை மேடையிலேயே கிழித்தெறிந்தார். வல்லரசை விசாரிக்க எந்த நீதிமன்றமும் முன்வராத நிலையில், 1966இல் அவரது முயற்சியால் மக்கள் நீதிமன்றம் ஒன்று அமைந்தது. சார்த்தர், சிமோன் த பூவா, பாகிஸ்தான் சட்டத்தரணி மஹ்மூத் அலி கசூரி முதலானோர் அதில் பங்கேற்றனர். 1967இல் சுவீடனிலும் டென்மார்க்கிலும் கூடிய அது, அமெரிக்காவைக் குற்றவாளியாகக் கண்டது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கிருக்கவில்லை. மறுதரப்பின் வன்செயல்களை அது விசாரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் இருந்தது. எனினும் சாட்சியங்கள் பதிவாகின.

1970 பெப்ரவரி 2ஆம் திகதி, 97ஆவது வயதில் ரஸல் வேல்ஸில் காலமானார். எகிப்து மீதான இஸ்ரேலின் விமானத் தாக்குதல்களைக் கண்டித்தும், பலஸ்தீன அகதிகளுக்கு நீதி கோரியும் இரு தினங்கள் முன்னர் அவர் விடுத்த அறிக்கை, மறுநாள் கெய்ரோவில் வாசிக்கப்பட்டது.

அவர் தொடக்கி வைத்த மரபு அவருடன் மறையவில்லை. அதன் வழிவந்த நிரந்தர மக்கள் தீர்ப்பாயம் 1979இல் இத்தாலியில் உருவாயிற்று. இலங்கையின் இறுதிப் போர் குறித்து 2010 ஜனவரியில் டப்ளினிலும் 2013 டிசம்பரில் பிறேமனிலும் சாட்சியங்களைச் செவிமடுத்தது இந்தத் தீர்ப்பாயமே. பலஸ்தீனம் குறித்து ரஸலின் பெயரிலேயே வேறொரு நீதிமன்றம் 2009இல் அமைக்கப்பட்டது.

ஆகவே இந்தப் பெயர் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்நியமானதல்ல. ஆனால், அவரது வாழ்வில் நமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக் கொள்ள முடியாது. அவர் முதலில் விசாரித்தது தம் சொந்த நாட்டையே. முள்ளிவாய்க்காலுக்கும் காஸாவுக்கும் நீதி கேட்கும் நாம், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், அதே வருடம் கிழக்கில் தமிழ், முஸ்லிம் கிராமங்களில் சிந்திய இரத்தத்தையும் பற்றி எவ்வளவு உரத்துக் கேட்டோம்? அரசாங்கங்களிடம் பொறுப்புக்கூறலைக் கோரும் சமூகம், அதே கேள்வியைத் தன் முற்றத்திலும் எழுப்பத் துணியும்போதே அதன் குரலுக்கு நெறிசார்ந்த வலிமை கிட்டும்.