தோலின் இழை கண்டவர்

வெள்ளவத்தைத் தையற்காரர் எவரையேனும் கேளுங்கள். இழையோடு வெட்டிய துணி அடங்கி நிற்கும், சாய்வாக வெட்டியது இழுபட்டு உருக்குலையும் என்பார். மனிதத் தோலுக்கும் இத்தகைய போக்கு உண்டென்பதை வரைந்து காட்டிய பேரறிஞர் கார்ல் லாங்கர்.

1819ஆம் ஆண்டு வியன்னாவிலே பிறந்த இவர், அந்நகரின் இராணுவ மருத்துவக் கழகத்திலே உடற்கூற்றியற் பேராசிரியராக விளங்கினார். உருண்டையான குத்தூசி ஏற்படுத்திய காயமும் நீண்ட பிளவாகவே தோன்றுவதைப் பிரெஞ்சு வைத்தியர் டுப்புயித்திரன் முன்னரே கண்டிருந்தார். லாங்கர் அவ்வியப்போடு அமையவில்லை. உயிர் நீத்தோரின் உடலெங்கும் நெருக்கமாகத் துளையிட்டார். வட்டத் துளைகள் நீண்டு பிளந்தன. அவற்றைத் தொடுத்துக் கோடுகள் வரைந்து, 1861இல் வெளியிட்டார்.

அக்கோட்டின் வழியே கீறினாற் காயத்தின் விளிம்புகள் எளிதிற் பொருந்தும். குறுக்கே கீறினாலோ தோலின் இழுவிசை அவற்றைப் பிரித்திழுக்கும். அவ்விசையை உணரும் உயிரணுக்கள் நார்ப்பொருளை மிகுதியாகச் சுரக்கத் தழும்பு தடிக்கும். ஓயாது இழுபடும் மார்பிலும் தோளிலும் தழும்புகள் புடைத்தெழுவது பெரிதும் இதனாலேயே.

இறந்த உடலிற் கண்ட கோடுகள் அசையும் உடலுக்கு எங்கும் பொருந்துவதில்லை. பின்வந்தோர் உயிருள்ள தோலின் சுருக்கங்களை நோக்கி அவற்றைத் திருத்தினர். 1887இல் லாங்கர் மறைந்தார். அவர்தம் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வெளிவந்ததோ 1978இலேதான்.

கொட்டாஞ்சேனைச் சிறுமியொருத்தியின் கழுத்திலே கத்தி வைக்குமுன் சத்திரசிகிச்சை வைத்தியர் தோலின் மடிப்பைத் தேடுகிறார். அவள் முதுமைவரை சுமக்கவிருக்கும் தழும்பு அக்கணத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.